குளியலறைக்கு ஏற்ற நிறம்

வீடு கட்டுவோர் தம் பொருளையும் கருத்தையும் முகப்பிலும் கூடத்திலும் செலவிட்டு, வேலை முடியுந் தறுவாயில் எஞ்சிய பெயின்டைக் குளியலறைச் சுவரிற் பூசிவிடுதல் நம் நாட்டிற் பெரும்பாலும் காணப்படும் வழக்கம். விருந்தினர் அமர்ந்து பேசும் இடமன்றாதலின், அதற்கு எந்நிறம் பூசினால் என்ன என்பது அவர்தம் எண்ணம் போலும். ஆயினும், வீட்டிலுள்ள அறைகளுள் தரை எப்பொழுதும் நனைந்திருப்பதும், வெயில் எளிதிற் புகாததும், முதியோரும் நோயுற்றோரும் பிறர் துணையின்றித் தனியே புகுந்து கதவைச் சாத்திக்கொள்வதும் இவ்வறை ஒன்றே. ஆங்கே நிறம் அழகு தருவதோடு அமைவதில்லை, கால் ஊன்றும் இடத்தைக் காட்டுகின்றது, அழுக்கை வெளிப்படுத்துகின்றது, சில வேளைகளில் நஞ்சையும் தாங்கி நிற்கின்றது. ஆதலின், குளியலறைக்கு ஏற்ற நிறம் யாது என ஆராய்வது வீண் முயற்சியாகாது என்னுந் துணிவால் ஈண்டுச் சில கூறப் புகுகின்றேன்.

குளித்தல் என்னுஞ் சொல் நீருள் மூழ்குதலைக் குறிப்பது. முத்துக்குளித்தல் என்னுந் தொடரில் அப்பொருள் இன்றளவும் நிலைபெற்றுள்ளது. நம் முன்னோர் ஆற்றிலும் குளத்திலும் மூழ்கி எழுந்தனர். கிணற்றடியில் நீர் இறைத்து ஊற்றிக்கொண்டனர். அங்கே வானமே கூரை, வெயிலே விளக்கு, வீசுங் காற்றே ஈரம் புலர்த்துங் கருவி. சுவரும் இல்லை, சுவருக்கு நிறந் தேடும் தொல்லையும் இல்லை. ஊர்கள் நகரங்களாகி, நீர் குழாய் வழியே வீட்டினுட் புகுந்த பின்னர், அந்நீராட்டு ஐந்தடி அகலமும் ஏழடி நீளமும் உள்ள ஓர் அறைக்குள் அடைபட்டது. நீர் உள்ளே வந்தது. வெயிலும் காற்றும் வெளியே நின்றுவிட்டன. இழந்த இவ்விரண்டனுள் காற்றை நிறத்தால் ஈடு செய்தல் இயலாது. அதனைச் சாளரமே செய்தல் வேண்டும். ஒளிக் குறையையோ தக்க நிறத்தால் ஓரளவு நிரப்பலாம்.

நிறம் என்னுஞ் சொல்லுக்கு ஒளி என்னும் பொருளும் அகராதிகளில் உண்டு. இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்திருத்தல் இயற்கைநூலார் கண்ட உண்மைக்கு மிகவும் இயைந்ததாகும். ஐசக் நியூட்டன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் 1666ஆம் ஆண்டளவில், இருண்ட அறையுட் புகுந்த ஞாயிற்றின் கதிரை முப்பட்டைக் கண்ணாடியின் வழியே செலுத்தி, வெள்ளொளி பல நிறக் கதிர்களின் கூட்டமே எனக் கண்டார். தம் ஆராய்ச்சியை 1704இல் நூலாகவும் வெளியிட்டார். சுவர் தன்மேல் விழும் ஒளியிற் சில கதிர்களை உட்கொண்டு எஞ்சியவற்றைத் திருப்பி அனுப்புகின்றது. அங்ஙனம் திரும்பி வருவதையே நாம் அதன் நிறம் என்கின்றோம். எவ்வளவு ஒளியைத் திருப்புகின்றது என்பதைப் பெயின்ட் செய்வோர் 0 முதல் 100 வரை எண்ணிட்டுக் குறிப்பர். நல்ல வெள்ளைப் பெயின்ட் ஏறத்தாழ 85 பங்கு ஒளியைத் திருப்பும். தந்த நிறம் 75 அளவில் நிற்கும். செங்காவி 15க்கு மேற்செல்வது அரிது. கரிய பெயின்ட் 5 அளவினதே. ஆகவே ஒரே விளக்கு வெள்ளைச் சுவருள்ள அறையிற் பகல் போல விளங்கவும், காவிச் சுவருள்ள அறையில் அந்தி போல மங்கவும் காண்கின்றோம். மேலும், குளியலறை சிறியதாதலின் ஒரு சுவர் திருப்பிய ஒளி எதிர்ச்சுவரிற் பட்டு மீண்டும் திரும்புகின்றது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அந்நிறம் மேன்மேலும் செறிகின்றது. கடையிற் சிறு அட்டையில் மென்மையாகத் தோன்றிய இளஞ்சிவப்பு, நான்கு சுவரிலும் பூசியபின் கண்ணை உறுத்துதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

அங்ஙனமாயின், மிகுந்த ஒளி தருவதாகிய வெண்மையே குளியலறைக்கு உரியது எனத் துணியலாமோ? வெண்மைக்கு நெடுங்காலப் பெருமை உண்டு என்பது மெய்யே. 1802ஆம் ஆண்டில் ஆங்கிலப் பார்லிமெண்டு, ஆலைகளில் தொழில் பயின்ற சிறுவர்தம் நலங்கருதி ஒரு சட்டம் இயற்றியது. ஆலையின் அறைகளை ஆண்டுக்கு இருமுறை சுண்ணாம்பும் நீரும் கொண்டு வெள்ளையடித்தல் வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதிகளுள் ஒன்று. சுண்ணாம்பு நோய்க்கிருமிகளை ஒடுக்கும் என்பதோடு, வெண்மை அழுக்கை மறையாது காட்டும் என்பதும் அதன் சிறப்பாகும். ஆயினும், வெண்மை எவ்விடத்தும் நன்றன்று என்பதற்கும் சான்று உண்டு. முற்காலத்து அறுவை மருத்துவச் சாலைகளில் சுவர், துணி, உடை யாவும் வெண்மையாகவே இருந்தன. குருதியின் செந்நிறத்தை நெடும்பொழுது நோக்கிய மருத்துவர் தலைநிமிர்ந்து வெள்ளைச் சுவரைக் கண்டவிடத்துக் கண் கூசித் துன்புற்றார். சான் பிரான்சிஸ்கோ நகரத்து மருத்துவர் ஹாரி ஷெர்மன் 1914இல் செம்மைக்கு எதிர்நிறமாகிய பச்சையைத் தம் அறுவைச் சாலையிற் பூசுவித்தார். அது முதல் பச்சையும் நீலப்பச்சையும் அச்சாலைகளிற் பரவலாயின. வெண்மை நல்லதே எனினும், அவ்வறையிற் செய்யுந் தொழிலுக்கும் அங்குப் புகுவோர் கண்ணுக்கும் அஃது ஏற்குமா என வினவிய பின்னரே கொள்ளத்தக்கது என்பது இதனால் விளங்கும்.

தொல்காப்பியனார் செய்யுளியலில் வகுத்த வண்ணம் இருபது. அவற்றை வரிசை பிறழாது ஒப்புவிக்கவே மாணாக்கராகிய யாம் இடர்ப்படுகின்றோம். பெயின்ட் கடைக்காரர் நம்முன் விரிக்கும் அட்டைப் புத்தகத்திலோ ஆயிரத்துக்கு மேற்பட்ட வண்ணங்கள் உள. அவற்றுள் ஒன்றைக் கண்ணுக்கு இனிதென்று மட்டுங் கருதித் தெரிந்தெடுப்பது எளிதுமன்று, நன்றுமன்று. அறையின் ஒளி, வீட்டின் நீர், சுவரின் இயல்பு, புகுவோரின் கண் என்னும் நான்கனையும் நோக்கின் ஆயிரம் பத்தாகவும் பத்து இரண்டாகவும் குறைந்துவிடும். இனி அவற்றை முறையே காண்போம்.

முதலாவது ஒளி. கிழக்கு நோக்கிய சாளரம் காலையிற் பொன்னிற ஒளியைத் தரும். வடக்கு நோக்கிய சாளரம் பெரும்பாலும் நீலச்சாயல் கொண்ட தண்ணொளியைத் தரும். சாளரமே இல்லாத அறைக்கு மின்விளக்கே ஞாயிறு. எல்.இ.டி. விளக்குகளிலும் வேறுபாடு உண்டு. பெட்டியின்மேல் 2700 கெல்வின் எனக் குறித்த விளக்கு மஞ்சட் சாயலுடையது; 6500 கெல்வின் எனக் குறித்தது நீலச்சாயல் கொண்ட வெண்மையுடையது. முன்னதன் கீழ்த் தந்த நிறச் சுவர் இனிதாய்ப் பொலியும். இளநீலமோ சாம்பல் பூத்ததுபோல மங்கும். பின்னதன் கீழ் இவை மாறித் தோன்றும். துணிக்கடையிற் புடவையை வாயிலுக்கு எடுத்துச் சென்று பகலொளியிற் பார்த்து வாங்கும் நம் தாய்மார் இவ்வுண்மையை நன்கறிவர். புடவை வெயிலிற் செல்வது. ஆதலின் அதனை வெயிலிற் பார்த்தல் முறையே. குளியலறைச் சுவர் ஒருநாளும் வெயிலுக்குச் செல்லாது. ஆகவே அதன் அட்டையை அவ்வறையினுட் கொண்டு சென்று, விளக்கை ஏற்றியே பார்த்தல் வேண்டும்.

வைகறையிலும் நள்ளிரவிலும் அரைத் தூக்கத்தோடு புகும் அறை இஃது என்பதையும் மறத்தலாகாது. மங்கிய ஒளியிற் கண் நிறங்களை வேறு வகையாகக் காணும். செந்நிறம் கருகித் தோன்றும். நீலமும் பச்சையும் அவ்வளவு கருகா. 19ஆம் நூற்றாண்டில் இதனை ஆராய்ந்து கூறிய பர்க்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞரின் பெயராலேயே இவ்வியல்பு வழங்கப்படுகின்றது. கரிய தரையில் வைத்த சிவப்பு வாளி பகலில் எடுப்பாய்த் தோன்றி, இரவிற் காலை இடறுதற்கு இதுவே காரணம்.

ஒரு நிறத்தின் தோற்றம் அண்டை நிறத்தையும் பொறுத்தது. பாரிஸ் நகரத்துக் கோபெலின் நெசவுச் சாலையில் சாயப் பகுதியின் தலைவராயிருந்த செவ்ருல் என்பாரிடம், கருஞ்சாயம் போதிய கருமையின்றி வெளிறியுள்ளது என நெசவாளர் முறையிட்டனர். அவர் பிறவிடத்துக் கருஞ்சாயங்களோடு ஒப்பிட்டு நோக்கி, சாயத்திற் குறையில்லை என்றும், அருகில் நெய்த நீலமும் ஊதாவுமே கருமையின் பொலிவைக் கெடுத்தன என்றும் கண்டார். அவ்வாராய்ச்சியின் பயனாக நிறங்களின் எதிர்நிலையைப்பற்றி அவர் எழுதிய நூல் 1839இல் வெளிவந்தது. குளியலறையிற் பெரும்பாலும் பாதிச் சுவர் வரை டைல்ஸ் பதித்து மேற்பாதிக்குப் பெயின்ட் பூசுகின்றோம். ஆதலின், பெயின்டைத் தனியே பாராது டைல்ஸின் அருகே வைத்துப் பார்த்தலே தக்கது. முகம் பார்க்குங் கண்ணாடி அங்கு உண்டாயின், அதற்கு எதிர்ச்சுவர் திருப்பும் ஒளியே நம் முகத்தில் வீழும். அச்சுவர் அடர்பச்சையாயின், நல்லுடலுடையாரும் காலையில் தம் முகத்தை நோயாளியின் முகமாகக் காண நேரும். அவ்விடத்துத் தந்த நிறமோ மெல்லிய சந்தன நிறமோ இனிது.

இரண்டாவது நீர். நிறத்தைத் தெரிந்தெடுப்போர் பலர் இதனை எண்ணுவதேயில்லை. நம் ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்தது. அது சுவரில் தெறித்து உலருமிடத்து, அதிற் கரைந்திருந்த சுண்ணப்பொருள் வெள்ளைப் படலமாகத் தங்கிவிடும். அடர்நீலம், கருஞ்சாம்பல் முதலிய நிறங்களில் அப்படலம் தேமல் போலத் தோன்றும்; வெள்ளையிலும் தந்த நிறத்திலும் தோன்றாது. இரும்புச் சத்துள்ள நீரோ குழாயினின்று வருங்கால் தெளிந்திருந்து, காற்றுப்பட்டபின் துருவேறிச் செம்பழுப்புக் கறையை உண்டாக்கும். அது வெள்ளைச் சுவரில் எடுத்துக்காட்டும். மண் நிறத்திலும் மஞ்சட்காவியிலும் அடங்கிவிடும். ஆகவே வீட்டு நீரின் இயல்பறியாமல் நிறந் துணிதல், நோயறியாமல் மருந்து கொடுத்தலை ஒக்கும்.

மஞ்சள் பூசிக் குளிக்கும் மகளிர் உள்ள வீடுகளில் மற்றொன்றும் நிகழும். மஞ்சள் காரப்பொருளோடு கூடின் செந்நிறமடையும். புதிதாய்ச் சுண்ணாம்படித்த சுவரில் மஞ்சட்கை பட்ட இடம் சிவந்து தோன்றுதல் இதனாலேயே. மஞ்சட் கறை வெயிலில் வெளிறும் இயல்பினது. வெயில் புகாத குளியலறையில் அது நெடுநாள் நிற்கும். அரப்பும் சீயக்காயும் பழுப்புக் கறையை விடுப்பன. இவ்வழக்கங்கள் உள்ள வீட்டில் தோளளவு வரை கழுவத்தக்க டைல்ஸோ எனாமலோ அமைத்து, மெல்லிய மண் நிறத்தைக் கொள்ளுதல் அறிவுடைமை.

மூன்றாவது சுவரின் இயல்பு. நம் நாட்டில் நெடுங்காலம் வழங்கியது சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீடுகளில் முட்டை வெண்கருவும் சேர்த்துச் சாந்து இழைத்து, கண்ணாடி போல மின்னும் சுவர்களை அமைத்தனர். நீற்றிய சுண்ணாம்பு மிகுந்த காரமுடையது. ஆதலின் அதன்மேற் பூஞ்சணம் எளிதில் வளராது. நாளடைவிற் காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்று அது மீண்டும் சுண்ணாம்புக்கல்லின் தன்மையை அடையும். அப்பொழுது சுவர் உறுதிபெறும், காரம் குறையும், பூஞ்சணத்தைத் தடுக்கும் ஆற்றலும் உடன் குறையும். ஆண்டுதோறும் பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ வெள்ளையடிக்கும் நம் வழக்கம் அழகு நோக்கியதோடு இக்காரணத்தாலும் பயனுடையதாயிற்று.

ஆனால், எல்லா நிறப்பொருளும் சுண்ணாம்போடு இணங்குவன அல்ல. இரும்பின் துருவினத்தைச் சேர்ந்த செங்காவியும் மஞ்சட்காவியும் சுண்ணாம்பில் நெடுங்காலம் நிற்கும். பெர்லின் நகரில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம் காரத்தில் நிறங்கெட்டுப் பழுப்பாகிவிடும். சலவைக்கு இடும் அல்ட்ராமரைன் நீலமோ காரத்தைப் பொறுக்கும். அதனாலேயே வெள்ளையடிப்போர் சுண்ணாம்பிற் சிறிது நீலம் கலந்து, அதன் மஞ்சட் சாயலைப் போக்கி வெண்மையை மிகுவிக்கின்றனர். எனினும் அந்நீலம் அமிலத்தைப் பொறாது. குளியலறையைத் துலக்க ஆசிட் தெளிப்போர் வீட்டில் அது நிறமிழக்கும். சுண்ணாம்பும் பொங்கிக் கரையும். ஆகவே ஆசிட் வழங்கும் அறையிற் சுண்ணாம்பும் நீலமும் நில்லா என்க.

எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் நீரைத் தடுக்கும், கழுவ எளிது. ஆயினும், ஈரங்காயாத புதுச் சிமெண்டுப் பூச்சின்மேலும் புதுச் சுண்ணச் சாந்தின்மேலும் அதனைப் பூசின், சாந்தின் காரமும் பெயின்டின் எண்ணெயும் கூடிச் சவர்க்காரமாகிவிடும். பூச்சு பிசுபிசுத்து உரியும். சவர்க்காரம் இட்டுக் குளிக்க வேண்டிய இடத்திற் சுவரே சவர்க்காரமாவது வேடிக்கையே. சிமெண்டுப் பூச்சு நான்கு வாரமாவது காய்ந்தபின் பூசுதலே முறை. இன்னும், சுவருள் ஓதம் ஏறியிருப்பின் எந்நிறமும் நில்லாது. பூஞ்சணம் நிறத்தை நோக்கி வளர்வதன்று. ஈரத்தை நோக்கி வளர்வது. கரும்புள்ளிகள் தோன்றாதிருத்தற்பொருட்டு அடர்நிறம் பூசுவோர் நோயை நீக்காது மறைப்போரே ஆவர். ஆகவே மேற்கூரையையும் மேற்சுவரையும் வெண்மையாகவே விடுதல் நன்று. பூஞ்சணம் அரும்பும்போதே கண்ணிற் படும்.

நிறத்தினுள் நஞ்சு மறைந்திருத்தலையும் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஷீலே என்னும் ஸ்வீடன் நாட்டு வேதிநூலார் 1775இல் ஆர்சனிக்கும் செம்பும் கூட்டி அழகியதொரு பச்சையைச் செய்தார். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய வீடுகளின் சுவர்த்தாள்களில் அது மிகுதியாக வழங்கிற்று. ஓதமுள்ள சுவரில் ஒட்டிய அத்தாளிற் பூஞ்சணம் வளர்ந்தபோது ஆர்சனிக் கலந்த ஆவி வெளிப்படுதலை, அந்நூற்றாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் கோசியோ ஆராய்ந்து காட்டினார். கண்ணுக்குக் குளிர்ந்த பச்சை மூச்சுக்குப் பகையாயிற்று. காரீயத்தினின்று செய்யும் ஈயவெள்ளையும், ஈயக்குரோமேட்டு என்னும் மஞ்சளும், ஈயச்செந்தூரமும் இத்தகைய தீங்குடையனவே. உரிந்த துகளைத் தின்னும் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். உள்வீட்டுப் பூச்சுக்கு ஈயவெள்ளையை விலக்கும் உடன்படிக்கையைப் பன்னாட்டுத் தொழிலமைப்பு 1921ஆம் ஆண்டிலேயே செய்தது. நம் நாட்டில் வீட்டுப் பெயின்டுகளில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்னும் விதி 2016இல் இயற்றப்பெற்று, 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே புதுப் பெயின்ட் வாங்குவோர் டப்பாவின்மேல் ஈயத்தைப்பற்றிய குறிப்பைப் படித்தல் வேண்டும். பழைய வீட்டிலோ, புது நிறம் பூசும் ஆர்வத்தால் பழைய எனாமலை உலர்ந்த நிலையிற் சுரண்டுதல் ஆகாது. அதன் தூசி அங்கேயே குளிக்குங் குழந்தைக்கு நஞ்சாகலாம். நீர் தெளித்து நனைத்தே தேய்த்து, துகளைக் கூட்டியெடுத்து அப்புறப்படுத்தல் வேண்டும்.

நான்காவதும் தலையாயதும் புகுவோரின் கண்ணாகும். இருபது வயதினர் கண்ணின் உட்திரையை அடையும் ஒளியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே அறுபது வயதினர்க்கு எட்டுகின்றது என்பர். அன்றியும், முதுமையிற் கண்ணின் வில்லை மஞ்சளித்துவிடும். அதனால் நீலத்தையும் பச்சையையும் பிரித்தறிதல் அரிது. வெள்ளையும் இளமஞ்சளும் ஒன்றெனத் தோன்றும். உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே வீழ்வதனால் உயிரிழக்கின்றனர். அவருட் பெரும்பாலார் அறுபது வயதைக் கடந்தோர். ஈரத்தரையுள்ள குளியலறை அத்தகைய வீழ்ச்சிக்கு மிகவும் இடந்தருவது.

எம் தாயைப் பெற்ற ஆச்சி திருநெல்வேலிச் சீமையில் ஒரு சிற்றூரில் வாழ்பவர். எண்பது வயதைக் கடந்தவர். இரு கண்ணிலும் புரையுடையவர். அவர் வீட்டுக் குளியலறையிற் சுவர், தரை, தொட்டி, இருக்கை யாவும் வெள்ளை. வெள்ளையடிக்க வந்தவர் அதனைப் பார்த்து, "ஆச்சி, எல்லாம் பளிச்சென்று இருக்கிறதே! இதில் நான் செய்ய என்ன இருக்கிறது?" என்று வினவினார். ஆச்சி, "தம்பி, உனக்குப் பளிச்சென்று இருக்கிறது. எனக்கு எல்லாம் பால் கொட்டினதுபோல ஒன்றாய் இருக்கிறது. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தடவிக்கொண்டு போகிறேன்" என்றார். அவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குச் செங்காவிப் பட்டை தீட்டினார். கைப்பிடிக் கம்பிக்கும், கதவின் உட்புறத் தாழ்ப்பாளைச் சுற்றிலும் அந்நிறமே பூசினார். அதற்கான கூலி ஒரு நாட்கூலியிற் பாதிகூட ஆகவில்லை. ஆச்சி இப்பொழுது சுவரைத் தடவாமலே சென்று வருகின்றார்; கதவைத் தாழிடாது வெறுமனே சாத்திக்கொள்ளும் வழக்கத்தை மட்டும் விடவில்லை. அவ்வழக்கம் முதியோர் யாவரும் கொள்ளத்தக்கதே.

அத்தொழிலாளர் தம் அனுபவத்தாற் செய்ததற்கு நூல்வழிச் சான்றும் உண்டு. அருகருகே உள்ள இரு பரப்புகள் மேற்கூறிய ஒளியளவில் 30 புள்ளியேனும் வேறுபட்டிருப்பின் பார்வை குன்றியோர் அவற்றைப் பிரித்தறிவர் எனப் பிரித்தானியக் கட்டட நெறிகள் கூறுகின்றன. வெள்ளைக்கும் தந்த நிறத்துக்கும் உள்ள வேறுபாடு 10 புள்ளியளவே, அது போதாது. வெள்ளைக்கும் செங்காவிக்கும் உள்ள வேறுபாடோ 70 அளவாகும். மங்கிய ஒளியிற் செங்காவி மேலும் கருகுமாதலின், வெள்ளைச் சுவரருகே இரவிலும் அப்பட்டை தெளிந்து தோன்றும். ஈண்டு உற்றுநோக்கத்தக்கது யாதெனின், கண் மங்கியோர்க்கு உதவுவது நிறங்களின் பெயர் வேறுபாடன்று, வெளிர்மையும் கருமையுமாகிய வேறுபாடே என்பதாம். ஒரே அளவு வெளிறிய பச்சையும் நீலமும் நமக்கு இருநிறம். ஆச்சிக்கு அவை ஒருநிறமே. பசுமை என்னும் நம் பழஞ்சொல் இலையையும் பொன்னையும் ஒருங்கே தழுவி, பச்சிலை எனவும் பசும்பொன் எனவும் வழங்குதல் இங்கு நினைவுக்கு வருகின்றது. சொற்கள் பிரிப்பதனைக் கண்ணும் பிரிக்கும் எனவோ, ஒருவர் கண் பிரிப்பதனை மற்றொருவர் கண்ணும் பிரிக்கும் எனவோ கொள்ளுதல் கூடாது.

இனிச் செய்முறையைச் சுருங்கக் கூறுவேன். மேற்கூரையும் மேற்சுவரும் வெண்மையாக இருக்கட்டும். நடுச்சுவர், நீரின் இயல்புக்கு ஏற்பத் தந்த நிறமோ, சந்தன நிறமோ, மிக வெளிறிய பச்சையோ ஆகலாம். தரை சுவரினும் தெளிவாகக் கருமை கூடியதாகவும், மின்னாததாகவும், சொரசொரப்புடையதாகவும் இருத்தல் வேண்டும். மின்னும் தரை, நீர் தேங்காதவிடத்தும் தேங்கியது போலவும், தேங்கியவிடத்தும் தேங்காதது போலவும் மயக்கும். தரையிற் கரும்புள்ளிக் கோலங்கள் ஆகா; கண் மங்கியோர்க்கு அவை குழியெனத் தோன்றும். கைப்பிடி, இருக்கை, படியின் விளிம்பு, தாழ்ப்பாள், விளக்கின் சுவிட்சு என்பன பின்னணியினின்று வேறுபட்டுத் தோன்றல் வேண்டும். வாளியும் குவளையும் தரையின் நிறத்தில் வேண்டா.

முழு டப்பா வாங்குதற்கு முன்னர்ச் சிறு அளவு வாங்கி, இரண்டு சுவர்களில் ஈரடிச் சதுரமாகப் பூசிப் பார்க்க. ஈரத்தில் தோன்றும் நிறம் உண்மை நிறமன்று. நுண்துளையுள்ள பூச்சு நனைந்தபோது கருகியும் உலர்ந்தபின் வெளிறியும் தோன்றும். சுண்ணாம்போ பூசுங்கால் ஒன்றும் இல்லாததுபோலிருந்து, உலர்ந்தபின் வெளுக்கும். ஆகவே இரண்டு நாள் கழித்துக் காலை, நண்பகல், இரவு என மூன்று பொழுதினும் நோக்குக. ஒரு வாரம் வீட்டு நீரையே அதன்மேல் தெளித்து உலரவிடுக. கறை படியுமா என்பது விளங்கும். பின்னர்க் கைப்பேசியால் அவ்விடத்தைக் கருப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்க்க. அப்படத்திற் சுவரும் தரையும் கைப்பிடியும் வெவ்வேறாகத் தோன்றின் அந்நிறங்களைக் கொள்க. ஒன்றாகக் கலந்து தோன்றின் எத்துணை அழகியவாயினும் விலக்குக. இறுதியாக, வீட்டில் மூத்தவர் எவரோ அவரை அழைத்து வந்து, "தரை எங்கே தொடங்குகிறது?" எனக் கேட்க. அவர் தயங்காது காட்டுவாராயின் நிறம் தக்கதே.

இதுகாறும் கூறியவற்றால், குளியலறைக்கென எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு நிறம் இல்லை என்பதும், ஒளி, நீர், சுவர், கண் என்னும் நான்கும் இயைந்தவிடத்தே தக்க நிறம் தானே அமையும் என்பதும் பெறப்படும். முகப்பின் நிறம் தெருவிற் செல்வோர் கண்டு மகிழ்தற்கு உரியது. உள்ளறையின் நிறமோ நம் இல்லத்தில் வலிகுன்றியவர் அச்சமின்றி நடத்தற்கு உரியது. இவ்விரண்டனுள் எதனை முதலில் எண்ணுதல் வேண்டும் என்பதை வீடு கட்டுவோரும், வெள்ளையடிக்கப் புகுவோரும் சிறிது சிந்திப்பாராக. அங்ஙனஞ் சிந்திப்பார்க்கு ஆகுஞ் செலவு ஒரு சாண் பட்டைக்குரிய பெயின்டே. வருபயனோ முறியாத எலும்பும், பிறர் கையை எதிர்பாராத முதுமையும் ஆகும்.